போர்த் திரைப்படம்: முன்னோட்டமும் மதிப்புரையும்

முன்னுரை

போரைப் பொருளாகக் கொண்ட திரைப்படம் ஒன்று பார்வையாளரை அடையும்போது அதற்கு முன்னும் பின்னுமாக இருவகை உரைகள் அமைகின்றன. படம் வெளிவருமுன் அதனை அறிமுகம் செய்வது முன்னோட்டம். வெளிவந்தபின் அதனை மதிப்பிடுவது மதிப்புரை. முன்னது தயாரிப்பாளரின் குரல். பின்னது திறனாய்வாளரின் குரல். இவ்விரண்டும் தம்முள் வேறானவை என்பது பொதுவான எண்ணம். ஆயின், போர்த் திரைப்படங்கள் பற்றித் தமிழில் எழுதப்படும் மதிப்புரைகளை உற்றுநோக்கின், அவற்றுட் பல முன்னோட்டம் தந்த சொற்களையே திரும்பவும் வழங்குகின்றன என்பது புலனாகும். முன்னோட்டம் எதனைக் காட்டிற்றோ அதனையே மதிப்புரையும் அளக்கின்றது. எதனை விலக்கிற்றோ அதனை மதிப்புரையும் விலக்கிவிடுகின்றது.

பிறவகைப் படங்களில் இக்குறை பெரிதாகப் பாராட்டத்தக்கதன்று. போர்ப் படத்தின் நிலை வேறு. அது பெரும்பாலும் உண்மையில் வாழ்ந்தோரையும் மாண்டோரையும் பற்றியது. நாட்டு மக்களுட் பெரும்பாலோர் தாம் காணாத போர்களைத் திரையரங்கில்தான் காண்கின்றனர். எனவே இத்தகைய படத்தை மதிப்பிடுவோர்க்குத் தனிக் கடமை உண்டு. அக்கடமை யாது என்பதையும், அதனை ஆற்றுதற்குத் தமிழ்ப் புறத்திணை மரபு எவ்வாறு துணைபுரியும் என்பதையும் இந்தியப் போர்ப் படங்கள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்னோட்டமும் முற்காட்சியும்

முன்னோட்டம் என்பது இரண்டு அல்லது மூன்று நிமிட அளவில் அமையும் விளம்பரத் துண்டு. திரையரங்கில் அது வேறொரு படத்திற்கு முன்னர்க் காட்டப்படுகின்றது. பார்வையாளர் அதனைத் தேடிச் செல்வதில்லை. அதுவே அவரைத் தேடி வருகின்றது. குறுகிய நேரத்தில் அவரை ஈர்க்க வேண்டியிருத்தலின் சுருக்கமும் விரைவும் அதன் இயல்புகளாயின. வெடிப்பு, கொடி, சூளுரை, பிரியாவிடை ஆகிய நான்கும் போர்ப்பட முன்னோட்டங்களில் இடையறாது வருவன. விடுபடுவது காத்திருத்தல். போர்முனை வாழ்வின் பெரும்பகுதி காத்திருத்தலே எனினும், விரைந்து ஓடும் துண்டில் அதற்கு இடமில்லை. இதனை முன்னோட்டத்தின் குற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. விற்பனை அதன் தொழில்.

முன்னோட்டத்தினும் முற்பட்டது ஒன்றுண்டு. அது வெளியீட்டுக்கு முன்னர்த் தேர்ந்தெடுத்த சிலர்க்குப் படத்தைக் காட்டும் முற்காட்சியாகும். பத்திரிகையாளர்க்கு நிகழும் முற்காட்சி யாவரும் அறிந்தது. படைத்துறை தொடர்பான படங்களுக்கு அரசின் பார்வையும் சேர்கின்றது. 2006-இல் 'ரங் தே பசந்தி' வெளிவருமுன், போர் விமான விபத்துகள் அதன் கதையில் இடம்பெற்றமையால், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜிக்கும் முப்படைத் தளபதிகளுக்கும் அது காட்டப்பட்டது. 2020 ஜூலையில், படைத்துறையைப் பொருளாகக் கொண்ட படங்களையும் தொடர்களையும் வெளியிடுமுன் தயாரிப்பாளர்கள் தடையின்மைச் சான்று பெற அறிவுறுத்த வேண்டும் எனப் பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்தைக் கேட்டுக்கொண்டது. இவ்வுறவு புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசின் போர் முயற்சிக்குத் துணையாகத் தமிழில் 'மானசம்ரட்சணம்' (1945), 'பர்மா ராணி' (1945) போன்ற படங்கள் எடுக்கப்பட்டன.

எனவே போர்ப் படம் திறனாய்வாளர் கண்ணிற் படுமுன்னரே அரசு, தயாரிப்பாளர், விளம்பரத்துறை எனப் பல கைகளைக் கடந்து வருகின்றது. இவ்வரிசையில் எவ்விதக் கடப்பாடும் இன்றிப் பேசத்தக்கவர் திறனாய்வாளர் ஒருவரே. அவரும் முன்னோர் சொல்லையே வழிமொழிவாராயின் அவ்வரிசையில் அவர் இருப்பதால் பயன் யாதுமில்லை.

2. புறத்திணை தரும் அளவுகோல்

போரைப் பற்றிய படைப்பை அளத்தற்கு நாம் பிறமொழிக் கோட்பாடுகளையே நாடவேண்டும் என்பதில்லை. தொல்காப்பியர் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் எனப் புறத்திணைகளை ஏழாக வகுத்தார். ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணைக்குப் புறனாகவும் அமைத்தார். மண்ணாசையால் எழும் படையெடுப்பாகிய வஞ்சி, முல்லைக்குப் புறன். நேருக்கு நேர் பொரும் தும்பை, நெய்தலுக்குப் புறன். வெற்றியாகிய வாகை, பாலைக்குப் புறன். புகழ்ந்து பாடுதலாகிய பாடாண், கைக்கிளைக்குப் புறன். நிலையாமை கூறும் காஞ்சி, பெருந்திணைக்குப் புறன். இவ்விணைப்புகளுக்கு உரையாசிரியர்கள் காரணங்கள் பல கூறுவர். அவற்றை விரிப்பின் பெருகும். ஈண்டு உரிப்பொருளை மட்டும் கருதுவோம்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பாலையின் உரிப்பொருள் பிரிதல். இவற்றைப் புறத்திணைகளோடு சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகின்றது. படை எழுந்தவிடத்து வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். போர் நிகழ்ந்தவிடத்து இரங்கல் உண்டு. வெற்றி வந்தவிடத்துப் பிரிவும் உண்டு. போர்க்களத்தை அதன் அகப்பக்கத்தோடு சேர்த்தே காண வேண்டும் என்னும் நெறி இத்திணை அமைப்பிலேயே உள்ளது எனலாம். புகழ்ச்சியை ஒருதலைக் காமமாகிய கைக்கிளையோடு இணைத்தமையும் கருதத்தக்கது. வெறும் புகழ்ச்சி ஒருதலையானது, மறுமொழியை வேண்டாதது. முன்னோட்டம் இவ்வகையிற் பாடாண் ஆகும்.

இதனாற் புறத்திணை மரபு போரை வெறுக்கும் மரபு என்று கொள்ளுதல் தவறு. புறப்பாடல்களுக்கு வகுக்கப்பட்ட துறைகளுள் மூதின்முல்லையும் உண்டு. மகனைக் களத்திற்கு அனுப்பும் மறக்குடித் தாயைப் போற்றுவது அது. கையறுநிலையும் உண்டு. புகழையும் இழப்பையும் ஒரே தொகைநூலில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் துணிவே இம்மரபின் சிறப்பு.

பரணி இலக்கியத்தையும் இங்கு நினைவுகூரலாம். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் கடவுள் வாழ்த்தையடுத்துக் கடைதிறப்பை வைத்தார். கதவைத் திறந்து வெற்றியைக் கேட்க வாருங்கள் என மகளிரை அழைக்கும் பகுதி அது. இக்கால முன்னோட்டத்தின் பணியை அது செய்கின்றது. ஆனால் அழைக்கப்பட்டவர் உடனே போர்க்களத்தைக் காண்பதில்லை. காளி உறையும் வெம்மையான பாலைநிலத்தையும் பசித்த பேய்களையும் கடந்தே போரைக் கேட்கின்றனர். அதனையும் பேய் ஒன்று காளிக்குக் கூறுவதாகவே கேட்கின்றனர். நூல் வென்றவன் பெயரைத் தாங்காமல் தோற்ற நாட்டின் பெயரைத் தாங்குகின்றது. வென்றவனைப் பாடும் நூலிலும் தோற்றவர்க்கு உரிய இடம் தலைப்பிலேயே தரப்பட்டது.

இவற்றினின்று போர்ப் படத்தை நோக்கிக் கேட்கத்தக்க வினாக்கள் நான்கு பிறக்கின்றன. காத்திருப்போர்க்குப் படத்தில் இடம் உண்டா? களக்காட்சி இரங்கலைத் தாங்குகின்றதா? வெற்றி தன் விலையைக் காட்டுகின்றதா? எதிர்நிற்போர் மனிதராகத் தோன்றுகின்றனரா?

3. மூன்று படங்கள்

முதலாவதாக, சேத்தன் ஆனந்த் இயக்கிய 'ஹகீகத்' (1964). 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரை லடாக் பின்னணியில் காட்டும் இந்திப் படம் இது. நாடு தோல்வியின் வடுவோடிருந்த காலத்தில் வெளிவந்தது. சூழப்பட்ட சிறுபடை ஒன்று பின்வாங்குதலே இதன் கதை. இதில் வாகைக்கு இடமில்லை. வீரர்கள் இரவில் தத்தம் காதலியரை நினைந்து பாடும் பாடலே படத்தின் நடுநாடியாக உள்ளது. முகமது ரஃபி, தலத் முகமது, மன்னா டே, பூபிந்தர் ஆகிய நால்வர் குரலில் அது அமைந்தது. பாடுவது தனியொருவன் அல்லன். ஒரு கூட்டமே பிரிவை உணர்கின்றது. களம் தும்பையாக இருக்க, அதன் அகம் நெய்தலாகவே ஒலிக்கின்றது. எனினும் நான்காம் வினாவிற்கு இப்படம் தரும் விடை நிறைவுடையதன்று. சீனப் படையினர் தனித்த முகமற்ற திரளாகவே வருகின்றனர். இப்படத்தைப் போற்றும் திறனாய்வு இதனையும் சேர்த்தே கூறவேண்டும்.

இரண்டாவதாக, ஜே. பி. தத்தாவின் 'பார்டர்' (1997). 1971 டிசம்பரில் இராசத்தான் பாலைநிலத்து லோங்கேவாலா காவற்சாவடியில் நிகழ்ந்த போரைப் பொருளாகக் கொண்டது. இரவு முழுதும் பீரங்கி வண்டிகளை எதிர்த்து நின்ற ஒரு படைப்பிரிவு, விடிந்தபின் வந்த விமானப் படையின் துணையால் வென்றது. மக்கள் மனத்தில் இப்படம் முழக்கங்களால் நிலைபெற்றுள்ளது. ஆயின் படத்தை முழுமையாகக் காண்போர் முற்பாதியிற் பெரிதும் காத்திருத்தலையே காண்பர். ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பற்றிய பாடல் திரையரங்கிற்கு வெளியேயும் நெடுநாள் வாழ்ந்தது. இறுதியில் வெற்றி முழக்கத்திற்குப் பின்னர்ப் பகைவனை உடன்பிறந்தானாக விளிக்கும் பாடல் ஒன்று, இருதரப்பு இறப்புகளின் மீதும் ஒலிக்கின்றது. வாகையில் தொடங்கிக் காஞ்சியில் முடியும் அமைப்பு இது. முழக்கத்தை மட்டும் நினைவிற்கொண்டு இதனை வெறும் ஆரவாரப் படம் என ஒதுக்குவோரும், அதே முழக்கத்திற்காகப் போற்றுவோரும் இவ்விறுதியை ஒருங்கே மறந்தவராவர்.

இப்படத்தில் திறனாய்வு தவறவிட்ட வேறொரு செய்தியும் உண்டு. படத்தில் முதன்மை வீரர் சிலர் களத்தில் மாள்கின்றனர். அவருள் ஒருவர் எல்லைப் பாதுகாப்புப் படையைச் சார்ந்த பைரோன் சிங். மணநாளன்றே களத்திற்கு அழைக்கப்பட்டு இறுதியில் உயிர்துறப்பவராக அவர் காட்டப்படுகின்றார். உண்மையில் அப்பெயருடைய வீரர் பைரோன் சிங் ரத்தோர் போரில் இறக்கவில்லை. வீரப்பதக்கம் பெற்று, அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2022 டிசம்பரில்தான் காலமானார். அப்போரில் இந்தியத் தரப்பில் இறந்தோர் இருவர் என்றே பதிவுகள் கூறுகின்றன. கலைப்படைப்பு வரலாற்றை மாற்றுதல் குற்றமன்று. ஆனால் வாழ்ந்திருக்கும் ஒருவரைத் திரையில் இறக்கச் செய்தால்தான் வீரம் நிறைவுறும் என்று படம் கருதியது ஏன் என்பது மதிப்புரை கேட்டிருக்க வேண்டிய வினா. உயிரோடு திரும்பி முதுமை எய்திய வீரனுக்கு நம் திரைமரபில் இடமில்லையோ என்னும் ஐயம் இங்கு எழுகின்றது.

மூன்றாவதாக, தமிழில் ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய 'அமரன்' (2024). இரு நாடுகளுக்கிடையிலான போரை இது கூறவில்லை. காஷ்மீரில் நிகழ்ந்த படைநடவடிக்கைகளைக் கூறுகின்றது. 2014 ஏப்ரலில் ஷோபியான் பகுதியில் உயிர்நீத்து, மறைவுக்குப் பின் அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வு இதன் பொருள். முன்னோட்டத்திற்கும் படத்திற்கும் உள்ள உறவை அறிய இது நல்ல சான்று. 2024 பிப்ரவரியில் வெளிவந்த முதல் அறிமுகத் துண்டு படைநடவடிக்கையையே முன்னிறுத்திற்று. தீபாவளி வெளியீட்டை ஒட்டி அக்டோபரில் வந்த முன்னோட்டம் குடும்ப வாழ்வையும் இணைத்துக் காட்டியது. ஒரே படத்தை முதல் துண்டு தும்பையாகவும் அடுத்தது பாலையாகவும் அறிமுகம் செய்தன எனலாம். படமோ மனைவி இந்துவின் நினைவு வழியாக இயங்குகின்றது. அவர்தம் காத்திருப்பும், பிரிவும், விருது பெறும்போது காத்த அமைதியுமே படத்தின் உயிர்ப்பகுதிகள். முதல் மூன்று வினாக்களுக்கும் இப்படம் நேரிய விடை தருகின்றது. நான்காம் வினாவிற்குத் தரும் விடையே விவாதத்திற்குரியதாயிற்று. காஷ்மீர் மக்கள் சித்திரிக்கப்பட்ட விதம் குறித்துக் கண்டனமும் எழுந்தது. மதிப்புரையாளர் சிலர் அதனை அரசியல் எனக் கருதி ஒதுக்கினர். வேறு சிலர் அதனை மட்டுமே பேசிப் படத்தின் அகப்பகுதியைக் காணாது விட்டனர். நான்கு வினாக்களையும் ஒருசேரக் கேட்பதே நடுநிலையாகும்.

4. மதிப்புரையின் சொல்லாட்சி

மொழிநோக்கில் போர்ப்பட மதிப்புரைகளை ஆராயின் மூன்று இயல்புகள் தோன்றும்.

முதலாவது, பார்வையாளர் உடலைச் சார்ந்த சொற்கள். 'அனல் பறக்கிறது', 'மயிர்க்கூச்செறிகிறது', 'நரம்பு புடைக்கிறது', 'இருக்கை நுனிக்கு வரவைக்கிறது' என்பன மிகுதியாக வழங்குகின்றன. களத்தில் உடல் சிதைபவன் வீரன். மதிப்புரையிற் பேசப்படுவதோ காண்பவன் உடல். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998) தொடக்கத்தில் நார்மண்டிக் கடற்கரைத் தாக்குதலை ஏறத்தாழ 25 நிமிடம் காட்டியதிலிருந்து, போரை 'நேரில் நிற்பது போல' உணர்த்துதலே போர்ப் படத்தின் உயர்தகுதி என்னும் கருத்து உலகெங்கும் வேரூன்றியது. நேரில் நிற்பது போன்ற உணர்ச்சி பாதுகாப்பான இருக்கையில் இருந்து பெறும் உணர்ச்சியே என்பதை மதிப்புரை மறத்தலாகாது. போரைத் திரையிற் காட்டும் எப்படமும் இறுதியிற் போருக்குச் சார்பாகவே முடிகின்றது என்னும் பொருள்படப் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோ கூறியது இதுபற்றியே எனலாம்.

இரண்டாவது, இறப்பைக் குறிக்கும் சொற்கள். நம் பக்கத்தவர் 'வீரமரணம் எய்துகின்றனர்'. எதிர்ப்பக்கத்தவர் 'வீழ்த்தப்படுகின்றனர்', 'வேட்டையாடப்படுகின்றனர்', 'களையெடுக்கப்படுகின்றனர்'. இவற்றுள் முதலது மனிதர்க்குரியது. ஏனையவை விலங்குக்கும் பயிர்க்களைக்கும் உரியவை. தமிழில் இவ்வேறுபாடு பெயர்ச்சொல்லோடு நில்லாமல் வினைமுற்றிலும் ஊடுருவுகின்றது. மேஜர் 'மறைந்தார்' என எழுதும் அதே வாக்கியத்தில் எதிரி 'செத்தான்' என எழுதுகின்றோம். ஆர் ஈறும் ஆன் ஈறும் போர்க்களத்தின் இரு கரைகளாகின்றன. ஆங்கிலத்தில் எழுதும் மதிப்புரையாளர் இத்தேர்வைச் செய்ய வேண்டியதில்லை; தமிழில் எழுதுவோர் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தாக வேண்டும். அத்தேர்வு படத்தின் தேர்வா, மதிப்புரையாளரின் தேர்வா என்பதை வாசகர் அறியுமாறு எழுதுதல் நேர்மையாகும். படம் எதிரியை இழிவாகக் காட்டின் 'படம் அவ்வாறு காட்டுகின்றது' எனல் வேண்டும். மதிப்புரையே அவ்விழிவைத் தன் வினைமுற்றில் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டா.

மூன்றாவது, 'உண்மைச் சம்பவம்' என்னும் தொடர். முன்னோட்டத்தில் எழுத்தாக மின்னும் இத்தொடர், மதிப்புரையில் சான்றாக மாறிவிடுகின்றது. படம் உண்மையை அடிப்படையாகக் கொண்டது; எனவே குறைகூறல் தகாது என்னும் மனநிலை இதனாற் பிறக்கின்றது. பைரோன் சிங் ரத்தோரின் வாழ்வு, இத்தொடரை எவ்வளவு கவனத்தோடு கையாள வேண்டும் என்பதற்குப் போதிய சான்று. மாண்டவர்க்குச் செய்யும் மரியாதை வேறு. அவரைப் பற்றிய படத்திற்கு அளிக்கும் மதிப்பு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே போர்ப்படத் திறனாய்வின் முதற்பாடம் எனலாம்.

5. திரையில் இல்லாதோர்

மதிப்புரை எய்தத்தக்க உயர்நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' (2017) 1940-இல் பிரான்சுக் கடற்கரையிலிருந்து நேச நாட்டுப் படைகள் மீட்கப்பட்டதைக் காட்டுகின்றது. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி என மூன்று கால அளவுகளைப் பின்னிய அதன் அமைப்பு உலகெங்கும் பாராட்டப் பெற்றது. அப்பாராட்டுகளின் நடுவே, இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் எழுதியோர் சிலர் வேறொரு வினாவை எழுப்பினர். அக்கடற்கரையில் பிரித்தானிய இந்தியப் படையைச் சார்ந்த கோவேறு கழுதைப் பிரிவினரும் இருந்தனர். படத்தில் அவர்கள் எங்கே என்பதே அவ்வினா. அதனாற் படத்தின் அமைப்பழகு குறைந்துவிடவில்லை. ஆனால் அவ்வினாவிற்குப் பின்னர் அப்படத்தைக் காண்போர் கூட்டத்தினுள் தாம் அறியாமலே ஒரு முகத்தைத் தேடுகின்றனர். மதிப்புரை படத்திற்கு ஒன்றைச் சேர்த்தது எனின், இதுவே அது.

இவ்வகை மதிப்புரை எழுத நேரமும் இடமும் வேண்டும் என்பர். முதல்நாட் காட்சி பார்த்து அன்றிரவே எழுதவேண்டிய செய்தித்தாளாளர்க்கு அது இயலாது என்பதும் ஒப்பத்தக்கதே. படத்திற்குச் செல்லலாமா, வேண்டாமா என அறிய விரும்பும் வாசகரை இகழ்தலும் முறையன்று. எனினும் நான்கு வினாக்களையும் விரித்துரைக்க இடமில்லையாயின் ஒன்றையேனும் கேட்கலாம். நூறு சொற்கள் கொண்ட மதிப்புரையிலும் காத்திருந்தவளைப் பற்றி ஒரு வரி எழுத இடமுண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும்.

முன்னோட்டம் பாடாண் தன்மையது. அது தன் தொழிலைச் செய்கின்றது. மதிப்புரை அதனை வழிமொழிதல் தன் தொழிலை விட்டுவிடுதலாகும். முன்னோட்டம் வெட்டி நீக்கிய காத்திருத்தலையும் இரங்கலையும் எதிர்நிற்பவர் முகத்தையும் படத்தினுள் தேடிக் காட்டுதல் மதிப்புரையின் பணி. படத்தில் அவை இல்லையெனின் இல்லையென்று கூறுதலும் அப்பணியே. இதற்கு வேண்டும் அளவுகோல் தொல்காப்பியப் புறத்திணையியலில் அகமும் புறமுமாக இணைத்துத் தரப்பட்டுள்ளது. தும்பையைக் கண்டவிடத்து நெய்தலையும், வாகையைக் கண்டவிடத்துப் பாலையையும் தேடும் பயிற்சியே அது.

தமிழில் திரைப்பட மதிப்புரை நெடிய வரலாறு உடையது. அதன் மொழியைத் தனித்து ஆராயும் முயற்சிகள் பெருக வேண்டும். குறிப்பாக, இறப்பைக் குறிக்கும் வினைகளும் மரியாதை ஈறுகளும் போர்ப்பட மதிப்புரைகளில் வழங்கும் முறையைத் தரவுகளோடு தொகுத்து ஆராய்தல் மொழியியலார்க்கும் திறனாய்வாளர்க்கும் ஒருங்கே பயன்தரும். திரையரங்கில் விளக்குகள் எரிந்து மக்கள் எழுந்து செல்லும்போது, மாண்டவரின் பெயர்கள் திரையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவரேனும் அமர்ந்திருத்தல் வேண்டும். அவ்வொருவர் திறனாய்வாளராக இருத்தல் தகும்.